பாரக்கா தோற்ற பரீட்சை

பாரக்காவுக்குப் பலம் பிறவியிலேயே வந்தது. வீட்டாருக்கு அது தெரியவந்தது அவள் நடை பழகிய வயதில். கட்டிலுக்கு அடியில் பந்து உருண்டுவிட்டது. மற்றக் குழந்தைகளாக இருந்தால் குனிந்து கையை விட்டு எடுத்திருப்பார்கள். இவள் கட்டிலைத் தூக்கி எடுத்தாள். கட்டிலின் மேல் தூங்கிக்கொண்டிருந்த அப்பா, பூகம்பம் என்று அலறியபடி தெருவுக்கு ஓடினார். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஓடிய மனுஷன் என்று அம்மா அதை அவருடைய ஆயுசு முழுக்கச் சொல்லிக்காட்டினாள்.

இப்படிப் பிறந்தவர்கள் அந்த நாட்டில் அங்கொருவர் இங்கொருவராக இருந்தார்கள். ஜனங்கள் அவர்களைச் சூப்பர் ஹீரோ என்றார்கள். அரசாங்கம் ‘சிறப்பாற்றல் ஊழியர்’ என்றது, ஏனென்றால் ஹீரோவுக்கு ஓய்வூதியம் கொடுக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. பாரக்காவின் அடையாள அட்டையில் வீராவேசமான பெயர் ஒன்றை அச்சடித்திருந்தார்கள். அவளுடைய மாமியாரால் அதை ஒருமுறைகூட முழுதாகச் சொல்ல முடிந்ததில்லை. பாரம் தூக்குகிற அக்கா பாரக்கா ஆனாள். ஊருக்கும் அதுவே போதுமாக இருந்தது.

அவளுக்குப் பறக்கத் தெரியாது. கண்ணிலிருந்து நெருப்பு வராது. ஊசி குத்தினால் எல்லோரையும்போல ‘ஆ’ என்பாள். எவ்வளவு கனமானாலும் தூக்குவாள், அலுங்காமல் கீழே வைப்பாள், அவ்வளவுதான். சீருடையோடு ஒரு நீல மேலங்கி கொடுத்திருந்தார்கள். அது காற்றில் படபடக்க வேண்டும் என்பது மேலிடத்து ஆசை. அவளோ அதைச் சுருட்டித் தலையில் சும்மாடாக வைத்துக்கொண்டு, பள்ளத்தில் சாய்ந்த பேருந்துக்கு அடியில் புகுந்துவிடுவாள். படம் எடுக்க வந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஏற்றி இறக்குவதே பிழைப்பு என்று தெரிந்தவர்கள் கேலி பேசுவார்கள். அரசாங்கக் குடியிருப்பில் தரைத்தளத்தில் வீடு. மாமியாருக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டதால் தரைத்தளம் கிடைத்தது பெரிய பாக்கியம். பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புப் படிக்கும் மகள் ஒருத்தி. அவளுக்கு அம்மாவின் பலம் வரவில்லை, வாய் மட்டும் பாட்டியிடமிருந்து அப்படியே வந்திருந்தது.

மீட்புப் பிரிவில் அவளோடு இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். ஒருவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதைப் பார்க்கக்கூடியவர். இரும்புக் கதவை ஊடுருவிப் பார்க்கும் அந்தக் கண்ணுக்குப் பேப்பர் படிக்கக் கண்ணாடி வேண்டும். அதனால் அவர் பெயர் கண்ணாடி அண்ணன். இன்னொருவன் பறக்கிறவன். வயதில் சின்னவன், ஒல்லி, காத்தாடி என்று கூப்பிடுவார்கள். பாரக்காவைக் கூடப் பிறந்த அக்காவாகவே நினைத்தான். அவள் வீட்டுச் சாப்பாட்டு டப்பாவில் பாதி அவனுக்குத்தான் போகும்.

எங்கும் எழுதி வைக்காத ஒரு வழக்கம் அந்தப் பிரிவில் இருந்தது. ஆபத்தில் இருப்பவரைத் தாங்கியதும் ‘பிடிச்சாச்சு’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். பிடியை விடும் வார்த்தை தூக்குகிறவர் வாயிலிருந்து வரக்கூடாது, அதிகாரி வாயிலிருந்தும் வரக்கூடாது. தாங்கப்பட்டவர் தரையில் காலை ஊன்றி, ‘விடலாம்’ என்று அவரே சொல்ல வேண்டும். ஒருமுறை பாலத்து விளிம்பில் தொங்கிய காருக்குள் இருந்த மனுஷர் பயத்தில் மயங்கிவிட்டார். அவரை வெளியே இழுத்துப் போட்டு, இனி காரை வைக்கலாம் என்று சுற்றியிருந்தவர்கள் எவ்வளவோ சொன்னார்கள். பாரக்கா கேட்கவில்லை. அவர் கண் திறந்து, ‘விடலாம்மா’ என்று முனகும்வரை காரைத் தலைக்கு மேலேயே வைத்திருந்தாள். நடுவில் கண்ணாடி அண்ணன் அவள் வாயில் டீ ஊற்றினார்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் பக்கத்து மாகாணத்துப் பலசாலி ஒருவன், மேலதிகாரியோடு சண்டை போட்டுக்கொண்டு அலுவலகக் கட்டடத்தையே பெயர்த்துக் கொண்டுபோய் ஏரிக்கரையில் வைத்தான். உள்ளே இருந்த ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் நாட்டுக்கே கிலி பிடித்துவிட்டது. இன்றைக்கு அலுவலகத்தைத் தூக்கியவன் நாளைக்கு அரசாங்கத்தையே தூக்கமாட்டானா என்று கேட்டார்கள்.

அந்தப் பயத்தோடு பயமாகப் பாரக்காவின் பிரிவுக்குப் புது ஆணையர் வந்து சேர்ந்தார். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் வாய் வெந்துபோகும். நேரத்துக்கு வருவார், யாரையும் மரியாதை குறைத்துப் பேசமாட்டார். ஜனங்கள் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று உண்மையாகவே கவலைப்பட்டார். அந்தக் கவலையில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. சிறப்பாற்றல் ஊழியர்களுக்கு விசுவாசம், நாட்டுப்பற்று, கீழ்ப்படிதல் மூன்றிலும் பரீட்சை வைப்பது, அதை டிவியில் நேரடியாகக் காட்டுவது. சொன்ன சொல் கேட்பவர்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டால் ஜனங்களுக்குப் பயம் போய்விடும் என்று கணக்குப் போட்டார். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான் இது. ஆனால் கொளுத்துகிற நேரத்தில் அது யாருக்குத் தெரிகிறது?

விசுவாசப் பரீட்சையில், கூட வேலை செய்கிறவர்கள் யாராவது அரசாங்கத்தைக் குறை சொல்லிக் கேட்டதுண்டா என்று கேட்டார்கள்.

“கண்ணாடி அண்ணன் கேன்டீன் டீயைத் திட்டுவார் சார்” என்றாள் பாரக்கா. “டீ அரசாங்கத்துல சேருமான்னு எனக்குத் தெரியாது.”

நாட்டுப்பற்றுப் பரீட்சையில், நாட்டுக்காக எதைக் கொடுப்பீர்கள் என்று ஒரு கேள்வி. ‘உயிரை’ என்று சொல்லி மற்றவர்கள் முழு மதிப்பெண் வாங்கினார்கள். பாரக்கா கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“என்ன தேவைப்படுதுன்னு சொன்னா, இருக்கான்னு பார்த்துக் கொடுப்பேன்” என்றாள். பொய் சொல்லத் தெரியாத ஜென்மம் என்று அதிலும் பாஸ் போட்டுவிட்டார்கள்.

மூன்றாவது பரீட்சைக்கு மைதானத்தில் ஆழமாகப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். கண்ணாடி அண்ணனுக்கு வேறு மாதிரி ஏற்பாடு. கண்ணைக் கட்டி நாற்காலியில் உட்கார வைத்து, உத்தரவு வரும்வரை எதையும் பார்க்கக்கூடாது என்றார்கள். அவர் அப்படியே தூங்கிப்போனார். முழு மதிப்பெண்.

அடுத்து காத்தாடி. ஒரு பெரிய மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளத்துக்கு மேலே பறந்து நிற்க வேண்டும், விசில் ஊதியதும் விட்டுவிட வேண்டும். அவன் உயரே போய் நின்றதும் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

“விடாதீங்க! ஐயோ, விடாதீங்க!”

ஆணையர் விசிலை ஊதினார். காத்தாடியின் முகம் வெளுத்துப் போனது. இரண்டாவது விசில். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு விட்டுவிட்டான். பெட்டி பள்ளத்தில் விழுந்து நொறுங்கியது. உள்ளே ஆள் யாரும் இல்லை, ஒரு ஸ்பீக்கர் மட்டும்தான் இருந்தது. நொறுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது ‘விடாதீங்க’ என்று கத்திக்கொண்டே கிடந்தது. மேடையில் அதிகாரிகள் கை தட்டினார்கள்.

பாரக்காவுக்கு ஒரு பழைய பேருந்தை வைத்திருந்தார்கள். அவள் மேலங்கியைச் சுருட்டும்போது கண்ணாடி அண்ணன் காதோரம் வந்தார்.

“உள்ள ஒரு ஈ காக்கா இல்லம்மா. நல்லாப் பார்த்துட்டேன். ஸ்பீக்கர் மட்டும்தான். கண்ணை மூடிட்டு விட்டுரு. மாமியார் முழங்காலை நினைச்சுக்கோ.”

அவள் தலையாட்டினாள். விட்டுவிடுகிற எண்ணத்தோடுதான் போனாள். இது சத்தியம். வீடு, வேலை, மகளுடைய படிப்பு எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேருந்துக்கு அடியில் குனிந்தாள். தூக்கினாள். பள்ளத்தின் விளிம்புக்குப் போய்க் கையை நீட்டிப் பிடித்தாள். வாய் தன்னால் ‘பிடிச்சாச்சு’ என்று சொல்லிவிட்டது.

“அம்மா, பயமா இருக்கு” என்றது உள்ளேயிருந்து ஒரு குழந்தைக் குரல்.

விசில் ஒலித்தது. அவள் நின்றாள். மறுபடி ஒலித்தது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். ஆணையர் வேகமாக நடந்து அவள் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் பேசினார். ஆனால் அவருடைய சட்டையில் மைக் இருந்தது. நாடே கேட்டது.

“உள்ளே யாரும் இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“அப்புறம் என்ன? விடுங்க.”

“எனக்குத் தெரியும் சார், என் கைக்குத் தெரியலையே” என்றாள் பாரக்கா. “ஒரு தடவை இந்தக் குரலைக் கேட்டுக்கிட்டே விட்டுட்டா கை பழகிடும் சார். அப்புறம் நிஜமாவே ஒரு புள்ள கத்தும்போது, இது டேப்பா ஆளான்னு நான் யோசிச்சிட்டு நிப்பேன். அந்த யோசனை எனக்கு வேணாம்.”

“இது நாட்டோட உத்தரவு.”

“உள்ள கத்துறதும் நாடுதானே சார்?”

பேருந்தைத் திரும்பவும் எடுத்த இடத்திலேயே, ஜன்னல் கண்ணாடி அதிராமல் வைத்தாள். பரீட்சையில் தோற்றாள்.

தண்டனை சட்டப்படிதான் வந்தது. ஆற்றல் உரிமம் ரத்து. மாத முடிவுக்குள் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். உரிமம் இல்லாமல் பலத்தைப் பயன்படுத்தினால் சிறை. அப்புறம் வீட்டில் பார்க்க வேண்டும் கூத்தை. காஸ் சிலிண்டரை அவள் தொடக்கூடாது. லிஃப்ட் மெக்கானிக் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் அதை உருட்டிக்கொண்டு போவார், நாடே தூக்கச் சொல்லிக் கூப்பிட்ட பெண்டாட்டி கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பாள்.

“ஒரு தகர டப்பா” என்றார் அவர் ஒருநாள், தாங்கமாட்டாமல். “வெறும் தகர டப்பா. விட்டிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?”

மாமியார்தான் கட்டிலில் இருந்தபடி குரல் கொடுத்தாள்.

“டேய், அந்தப் பறக்குற பையன் விட்டான் பார்த்தியா? பொம்பளை குரல் கத்தக் கத்த விட்டான். நாளைக்கு இந்த வீடு பத்திக்கிட்டு எரிஞ்சா, அவன் வந்து கையை நீட்டினா நான் போகமாட்டேன். ஜன்னலைச் சாத்திக்கிட்டு உள்ளேயே கிடப்பேன்.”

கிழவி எப்போதும் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பவள் என்று மகன் காதில் வாங்கவில்லை. பேப்பர்காரர்கள் பாரக்காவை நாட்டுப்பற்று இல்லாதவள் என்று எழுதினார்கள். வேலை போனதைவிட, வீடு போகப்போவதைவிட, அந்தச் சொல்தான் அவளைச் சுட்டது. இத்தனை வருஷம் இந்த நாட்டின் எத்தனை சுவர்களுக்கு அடியில் நின்றிருப்பாள். எந்தச் சுவரிடமும் அவள் நாட்டுப்பற்றைப் பற்றிப் பேசியதில்லை, அது உண்மைதான். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

பள்ளியிலிருந்து வந்த மகள் பையைத் தூக்கி எறிந்துவிட்டு அம்மாவின் முதுகில் சாய்ந்துகொண்டாள்.

“ஒருத்தி உன்னைத் துரோகின்னா. பஸ்ஸுக்குள்ள உன் தங்கச்சி இருந்தா, விசில் ஊதுனதும் எங்கம்மா விட்டிருக்கணுமான்னு கேட்டேன். வாயை மூடிக்கிட்டா” என்றாள்.

காத்தாடி ஒருமுறை பழங்களோடு வீட்டு வாசலுக்கு வந்தான். தூக்கமில்லாத கண்கள், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. “அக்கா” என்றான். பழங்களை நீட்டினான்.

“நீதான் பாஸாயிட்டியே, இன்னும் என்ன?” என்று பாரக்கா கதவைச் சாத்தினாள். அவளுக்கும் கோபம் உண்டு. அவள் என்ன தெய்வமா?

மாத முடிவு நெருங்கியது. வாடகை வீடு பார்க்கப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு மத்தியான வேளையில் கடைத்தெருப் பக்கம் போனார்கள். பார்த்த வீடு மாடியில் இருந்தது. மாமியாரை எப்படி ஏற்றுவது என்று படிக்கட்டிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தபோது, எதிர்ச் சந்திலிருந்து கரும்புகை கிளம்பியது. கீழே மெத்தைக்கடை, முதல் மாடியில் டியூஷன், அதற்கு மேலே வீடுகள் இருந்த கட்டடம். கடை பற்றிக்கொண்டு எரிந்தது. படிக்கட்டு முழுக்கப் புகை. முந்திக்கொண்டவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். டியூஷன் பிள்ளைகளும், அவர்களுடைய டீச்சரும், உச்சி மாடியில் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் மாட்டிக்கொண்டார்கள். சந்து குறுகல், தீயணைப்பு வண்டி முனையிலேயே சிக்கி நின்றது. ஆணையரின் ஜீப்பும் டிவிக்காரர்களும் வந்திருந்தார்கள். காத்தாடி ஏற்கெனவே முதல் மாடி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டியபடி பறந்துகொண்டிருந்தான்.

உள்ளே பிள்ளைகள் அலறினார்கள். நெருப்பைப் பார்த்து அல்ல, அவனைப் பார்த்து.

“அவர் வேணாம்! அவர் விட்டுருவாரு! டிவில பார்த்தோம்!”

ஒரு பிள்ளை ஜன்னல் கதவை அவன் முகத்துக்கு நேராகச் சாத்தியது. டீச்சர் இழுத்துத் திறந்தாள். பிள்ளைகள் மேசைக்கு அடியில் போய்ப் பதுங்கினார்கள். காத்தாடி மேலே பறந்தான். உச்சி மாடித் தாய் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

“கிட்ட வராதே!” என்றாள்.

ஆணையர் ஒலிபெருக்கியில், பயப்படாதீர்கள், அவர் நன்கு தேர்ச்சி பெற்றவர் என்று அறிவித்தார். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது என்றால் இதுதான். தேர்ச்சி பெற்றதைத்தான் எல்லோரும் பார்த்துவிட்டார்களே! மாமியார் சொன்னதன் பொருள் பாரக்காவுக்கு அப்போது விளங்கியது. ஜனங்களின் பயத்தைப் போக்க வைத்த பரீட்சையில் பாஸானவனைப் பார்த்துத்தான் ஜனங்கள் பயந்தார்கள்.

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். சிறை என்ற வார்த்தை இருவருக்கும் நடுவில் நின்றது. அவர் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

“போ” என்றார். “நான் இந்தப் பையைப் பார்த்துக்கிறேன்.”

சந்தில் மெத்தை ஏற்றுகிற வேன் ஒன்று நின்றது. பாரக்கா அதைத் தலைக்கு மேலே தூக்கினாள். வேனின் கூரை முதல் மாடி ஜன்னலை ஒட்டினாற்போல் போய் நின்றது.

“பிடிச்சாச்சு!” என்று கத்தினாள். “வாங்க புள்ளைங்களா, பாரக்கா பிடிச்சிருக்கேன்!”

ஜன்னலில் தலைகள் முளைத்தன.

“உரிமம் இல்லாம தூக்கக்கூடாது!” ஆணையரின் குரல் ஒலிபெருக்கியில் அலறியது. “கீழே வைங்க! இது உத்தரவு!”

“வைக்கிறேன் சார்” என்றாள் பாரக்கா, மூச்சு வாங்கிக்கொண்டு. “எல்லாரும் ஏறினதும் வைக்கிறேன்.”

டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாகக் கூரைமேல் இறக்கிவிட்டாள், கடைசியில் அவளும் இறங்கினாள். பாரக்கா தண்ணீர்க் குடத்தை இறக்குவதுபோல வேனை மெதுவாகத் தரையில் வைத்தாள். கூரையிலிருந்து பிள்ளைகளை வாங்க ஆள் வேண்டியிருந்தது. ஓடி வந்தவர்களில் ஆணையரும் இருந்தார். ஒலிபெருக்கியைக் கீழே போட்டுவிட்டுக் கைகளை நீட்டினார். விளிம்பில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் அவர் முகத்தைப் பார்த்ததும் பின்வாங்கினாள். டிவியில் விசில் ஊதியவரை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

“நீங்க விட்டுட மாட்டீங்களே?” என்று கேட்டாள்.

“மாட்டேம்மா” என்றார் ஆணையர். அவளை வாங்கி நெஞ்சோடு அணைத்து இறக்கிவிட்டார். கழுத்தில் தொங்கிய விசில் அவளைக் குத்தியிருக்க வேண்டும், அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த பிள்ளைக்குக் கையை நீட்டினார்.

உச்சி மாடிக்கு வேன் எட்டாது. அங்கே காத்தாடிதான் போக முடியும். அவன் பாரக்காவின் பக்கத்தில் வந்து இறங்கினான். கரி படிந்த முகத்தில் கண்ணீர் கோடு போட்டிருந்தது.

“அக்கா, அந்தம்மா என்னை நம்பமாட்டேங்குது. நம்பாதது சரிதான். நானே என்னை நம்பலை.”

அந்த இடத்தில் பாரக்காவுக்கு இன்னொரு பரீட்சை. இதற்கு விசில் இல்லை, மதிப்பெண் இல்லை. வாசலில் அவனை நிற்க வைத்துக் கதவைச் சாத்திய கோபம் இன்னும் அவளுக்குள் இருந்தது. மேலே அண்ணாந்து பார்த்தாள். ஜன்னல் புகையைக் கக்கியது.

“தாயி!” என்று கூப்பிட்டாள். “நான் பாரக்கா! தெரியுதா?”

“தெரியுது!”

“இவன் என் தம்பி! அன்னிக்கு விட்டான், வாஸ்தவம்தான். அன்னியிலேர்ந்து இவன் தூங்கலை, மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும். இன்னொரு தடவை இவன் கை விடாது. எனக்குத் தெரியும், நான் சொல்றேன். அப்படியும் பயமா இருந்தா, நான் கீழே கையை ஏந்திக்கிட்டு நிக்கிறேன். என்னை நம்பிக் குடு!”

அந்தத் தாய் குழந்தையின் தலையில் ஒரு முத்தம் வைத்தாள். காத்தாடி மேலே போனான். அவள் குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு, ஒரு கையால் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பாரம் கூடியதும் அவன் தடுமாறினான். ஒரு நொடி சாய்ந்தான். கீழே தெருவே மூச்சை அடக்கிக்கொண்டது. கண்ணை மூடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஜன்னலாகக் கடந்து இறங்கி வந்தான். பாரக்கா கடைசிவரை கையை ஏந்தியபடியே நின்றாள். அந்தக் கைக்கு வேலை வரவில்லை.

தீயணைப்புக்காரர்கள் குழாயை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். டிவிக்காரி மைக்கோடு ஆணையரை மடக்கினாள்.

“சார், வேனைக் கீழே வைக்கச் சொல்லி நீங்க உத்தரவு போட்டீங்க. அவங்க கேட்கலையே. உரிமமும் இல்லை. என்ன நடவடிக்கை எடுப்பீங்க?”

ஆணையர் தன் சட்டையைப் பார்த்தார். சின்னப் பெண்ணின் கரிக்கை அதில் அச்சாகப் பதிந்திருந்தது.

“கேட்டாங்களே” என்றார். “வைக்கச் சொன்னேன், வெச்சாங்க. எப்ப வைக்கணும்னு எனக்குத் தெரியலை. அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. உரிமத்தை ரத்து பண்ணினது நான் பண்ணின தப்பு. இதையும் நேரடியா ஒளிபரப்புங்க.”

பிறகு பாரக்காவிடம் வந்தார். அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“நாளைக்கு டியூட்டிக்கு வந்துடுங்க” என்றார். “வீட்டை எதுக்குக் காலி பண்றீங்க? அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுடறேன்.”

“பரீட்சை, சார்?”

“பள்ளத்தை மூடச் சொல்லிடறேன்.”

லிஃப்ட் மெக்கானிக் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யாரும் கவனிக்காதபடி மூக்கைச் சிந்தினார். வாடகை வீட்டுக்காரர் மாடியிலிருந்து, ‘வீடு வேணுமா வேணாமா?’ என்று கை ஜாடையில் கேட்டார். வேண்டாம் என்று இவரும் ஜாடையிலேயே சொன்னார்.

சந்தில் கூட்டம் கரைய ஆரம்பித்தது. டியூஷன் பிள்ளைகளின் அம்மாக்கள் வந்து ஆளுக்கொன்றை அணைத்துக்கொண்டு போனார்கள். காத்தாடி மட்டும் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் அந்தக் கைக்குழந்தை, நடந்த எதையும் சட்டை செய்யாமல், அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் தின்னப் பார்த்துக்கொண்டிருந்தது. குழந்தையைச் சுற்றியிருந்த அவன் இரண்டு கைகளும் மரத்துப்போனதுபோல அப்படியே இருந்தன. தாய் எதிரில் வந்து நின்றது அவனுக்குத் தெரியவில்லை.

“தம்பி” என்றாள் அவள். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் குனிந்து, சிரிப்பும் அழுகையுமாக அவன் தோளைத் தொட்டாள்.

“போதும்ப்பா, விடலாம். எம்புள்ளயை எங்கிட்டக் குடு.”